கேட்டில் நின்றுபோன காரும் ஒரு சின்ன வால்வும்

போன தை மாதம் அம்மாவைக் கண் பரிசோதனைக்காகக் கும்பகோணம் அழைத்துப் போய்க்கொண்டிருந்தேன். மன்னார்குடிப் பக்கத்திலிருந்து வடக்கே போகிறவர்களுக்கு நீடாமங்கலம் ரயில்வே கேட்டைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அறுவடைக் காலம் வேறு. சரக்கு ரயில் முன்னும் பின்னுமாகப் போய்க்கொண்டிருந்தது. கேட் மூடி இருபது நிமிடம் ஆகிவிட்டது. அம்மாவுக்காக ஏ.சி.யை ஓடவிட்டு, இன்ஜினை அணைக்காமல் வைத்திருந்தேன்.

முதலில் ஸ்டியரிங்கில் லேசான நடுக்கம் வந்தது. அப்புறம் அது சீட்டு வரைக்கும் தெரிந்தது. 700-ல் நிற்க வேண்டிய ஆர்.பி.எம். முள் 500-க்கு இறங்கியது, திடுக்கென்று 900-க்கு ஏறியது, மறுபடி இறங்கியது. மீட்டரில் மஞ்சள் நிற இன்ஜின் விளக்கு எரிந்தது. ஏ.சி.யை அணைப்பதற்குள் வண்டி ஒரு குலுக்கலோடு நின்றுவிட்டது. சாவியைத் திருகினால் உடனே ஸ்டார்ட் ஆனது, பத்து எண்ணுவதற்குள் மறுபடி நின்றது. கேட் திறந்தபோது பின்னால் நெல் லாரிகளும் பஸ்களும் ஹாரன் அடித்தபடி நின்றன. டீக்கடையில் நின்ற இரண்டு பிள்ளைகள் ஓடிவந்து வண்டியை ஓரமாகத் தள்ளிவிட்டார்கள். அம்மா பயந்துவிட்டார். "வேண்டாம்ப்பா, பஸ்ஸிலேயே போயிடலாம்" என்றார்.

ஆக்சிலேட்டரை லேசாக அழுத்திப் பிடித்துக்கொண்டே கிளப்பியதும் வண்டி ஓடியது. வலங்கைமான் தாண்டி 50, 60 வேகத்தில் போகும்போது ஒரு குறையும் தெரியவில்லை. நிற்கிற இடத்தில் மட்டும்தான் தகராறு. இதை நான் கவனித்து வைத்துக்கொண்டது பிறகு ரொம்ப உதவியது. வண்டி எப்போது மக்கர் செய்கிறது, எப்போது ஒழுங்காக ஓடுகிறது, சூடாக இருக்கும்போதா, காலையில் எடுத்தவுடனா என்பதையெல்லாம் மெக்கானிக்கிடம் போகும் முன் நாமே ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. அங்கே போய் நின்றதும் வண்டி ஒழுங்காக ஓடும், நமக்கோ சொல்ல வார்த்தை வராது.

என்னுடையது 2013 மாடல், 1.2 லிட்டர் பெட்ரோல் கார், செகண்ட் ஹாண்டில் வாங்கியது. இரண்டு நாள் கழித்து ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். ஸ்கேன் செய்துவிட்டு, "டைமிங் செயின், கேம் ஸ்பிராக்கெட் ரெண்டையும் மாத்தணும் சார், இன்ஜினைப் பிரிக்கணும், முப்பதாயிரம் பக்கம் வரும்" என்றார்கள். கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்க்கிறவனுக்கு அது ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேல். கேம் ஷாஃப்ட் என்பது இன்ஜினின் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு. அதன் முனையில் இருக்கும் பல்சக்கரம்தான் ஸ்பிராக்கெட், அதைச் சுற்றுவது டைமிங் செயின். ஸ்கேனரில் வந்த கோளாறு எண், அதாவது 'கோடு', என்னவென்று கேட்டு எழுதி வாங்கிக்கொண்டேன். பி0011. வண்டியை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன்.

அவர்கள் சொன்னது பொய் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தக் கோடு வருவதற்குச் செயினும் ஸ்பிராக்கெட்டும்கூடக் காரணமாக இருக்கலாம். ஆனால் பார்க்க வேண்டிய வரிசையில் அவை கடைசி. இருநூறு ரூபாய்க் காரணமும் இரண்டாயிரம் ரூபாய்க் காரணமும் முன்னால் நிற்கும்போது முப்பதாயிரத்தில் தொடங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பி0011 என்றால், காற்று உள்ளே வரும் பக்கத்து கேம் ஷாஃப்ட், கம்ப்யூட்டர் சொன்னதைவிட முன்கூட்டியே திரும்பி நிற்கிறது என்று அர்த்தம். பி0012 வந்தால் பின்தங்கி நிற்கிறது. பி0010 என்றால், அந்த கேம் ஷாஃப்ட்டைத் திருப்பும் ஆயில் கண்ட்ரோல் வால்வின் வயரிலோ காயிலிலோ மின்சாரக் கோளாறு. மூன்றும் பக்கத்துப் பக்கத்து எண்கள்தான், ஆனால் தேட வேண்டிய இடம் வேறு. அதனால் "ஏதோ வி.வி.டி. கோடு வந்துச்சு" (வி.வி.டி. என்பது கேம் ஷாஃப்ட்டை முன்பின் திருப்பும் இந்த ஏற்பாடு) என்பதோடு நிறுத்தாமல், எண்ணை முழுசாகக் கேட்டு வாங்குங்கள்.

இப்போது அந்த வால்வைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆயில் கண்ட்ரோல் வால்வு என்பது ஒரு சின்னக் கல்லணை. கல்லணைக்கு வருகிற தண்ணீரைக் காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும் கல்லணைக் கால்வாய்க்கும் பிரித்து விடுகிறார்கள், மிச்சம் கொள்ளிடத்தில் போகிறது. அதே மாதிரி ஆயில் பம்ப்பிலிருந்து அழுத்தத்தோடு வரும் இன்ஜின் ஆயில் இந்த வால்வுக்குள் வருகிறது. உள்ளே ஒரு சின்னத் தண்டு முன்னும் பின்னும் நகரும். தண்டு ஒரு பக்கம் நகர்ந்தால் கேம் ஸ்பிராக்கெட்டின் ஓர் அறைக்கு ஆயில் போய், கேம் ஷாஃப்ட்டைக் கொஞ்சம் முன்னால் திருப்பும். மறுபக்கம் நகர்ந்தால் இன்னோர் அறைக்குப் போய்ப் பின்னால் திருப்பும். எந்த அறையில் ஆயில் நிரம்பவில்லையோ அதில் இருக்கிற பழைய ஆயில் வடிகால் துளை வழியாகக் கீழே ஆயில் தொட்டியான சம்ப்புக்கு இறங்கிவிடும். அதுதான் இதன் கொள்ளிடம். தண்டை நகர்த்துவது வால்வின் தலையில் இருக்கும் மின்காந்தச் சுருள். அதற்கு எவ்வளவு மின்சாரம், எவ்வளவு நேரம் என்று நொடிக்குப் பல முறை முடிவு செய்வது இன்ஜின் கம்ப்யூட்டர்.

வண்டி நின்றபடி ஓடும்போது கேம் ஷாஃப்ட் பின்தங்கிய நிலையில் இருக்க வேண்டும், அப்போதுதான் இன்ஜின் சீராக மூச்சு விடும். தண்டு சிக்கிக்கொண்டு ஆயில் முன்பக்க அறைக்கே போய்க்கொண்டிருந்தால், இன்ஜினில் காற்றை உள்ளே விடும் வால்வும் புகையை வெளியே விடும் வால்வும் ஒரே சமயத்தில் அதிக நேரம் திறந்திருக்கும். எரிந்த புகை உள்ளே திரும்பி வரும். அதனால்தான் கேட்டில் நடுங்கி நின்ற வண்டி நெடுஞ்சாலையில் நன்றாக ஓடியது. வேகத்தில் போகும்போது கேம் ஷாஃப்ட் முன்னால் இருப்பதுதான் அதற்குத் தேவை.

நான் முதலில் செய்தது, ஆயில் அளவு காட்டும் டிப் ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தது. ஆயில் கீழ்க்கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. விரலில் தேய்த்தால் தார் மாதிரி கறுப்பு. ஆயில் மூடியைத் திறந்து உள்பக்கம் பார்த்தேன். பழுப்பும் மஞ்சளுமாக ஒரு பசை ஒட்டியிருந்தது. அந்தப் பசை, ஆயிலோடு ஈரம் கலந்திருக்கிறது என்பதற்கு அடையாளம். கூலண்ட் அளவு குறையாமல் இருந்ததால், கூலண்ட் ஆயிலில் கலக்காமல் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டதோ என்ற பயம் இல்லை.

அடுத்து வயர். நம் ஊரில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். சம்பா அறுவடை முடிந்ததும் வயல் எலிகள் குடி பெயரும். சூடான பானட்டுக்குள் வைக்கோலும் துணியும் சேர்த்துக் கூடு கட்டும், வயரைக் கடிக்கும். எங்கள் தெருவில் மூன்று கார்களுக்கு இப்படி ஆகியிருக்கிறது. எலிக்கிட்டி வைத்து வயலில் பிடிப்பது போலவே கார் நிற்கும் இடத்திலும் பிடிக்கிறோம். என் வண்டியில் வயர் முழுசாக இருந்தது. வால்வில் வயர் செருகும் கப்ளரைக் கழற்றி, சுருளில் மல்டிமீட்டரை வைத்தால் மின்தடை 7.2 ஓம் காட்டியது. இந்த வகை வால்வுகள் பலவற்றில் குளிர்ந்த நிலையில் 7 ஓமுக்கு அக்கம்பக்கம்தான் இருக்கும். உங்கள் வண்டியின் சரியான அளவை அதன் சர்வீஸ் மேனுவலில் பாருங்கள். மீட்டர் எண்ணே காட்டாமல் நின்றால் சுருள் அறுந்திருக்கிறது, பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டினால் ஷார்ட் ஆகியிருக்கிறது. எனக்குச் சுருள் நன்றாக இருந்தது. ஆக, கோளாறு மின்சாரத்தில் இல்லை.

அப்புறம் ஒரு சோதனை. இன்ஜினைச் சூடாக்கி, வண்டி நின்றபடி ஐடிலிங்கில் ஓடி நடுங்கும்போது வால்வின் கப்ளரைக் கழற்றினேன். மின்சாரம் போகாவிட்டால் ஸ்பிரிங் தண்டைத் திருப்பித் தள்ளிவிட வேண்டும், நடுக்கம் நிற்க வேண்டும். நிற்கவில்லை. அப்படியென்றால் தண்டு நகராமல் சிக்கியிருக்கிறது, அல்லது ஸ்பிராக்கெட்டே சிக்கியிருக்கிறது. இரண்டில் எது என்பதை வால்வைக் கையில் எடுத்தால்தான் சொல்ல முடியும். (கப்ளரைக் கழற்றி இன்ஜினை ஓடவிட்டால் பி0010 புதிதாகப் பதிவாகும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம், கடைசியில் அழித்துவிடலாம்.)

காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது வால்வைக் கழற்றினேன். அதன் நீளம் ஆள்காட்டி விரல் அளவுக்குத்தான். பக்கவாட்டுத் துளைகளைச் சுற்றிக் கொசுவலையைவிட நெருக்கமான ஒரு சல்லடை. அந்தச் சல்லடையில் பாதிக்கு மேல் கண்ணே தெரியவில்லை. வெல்லப்பாகு காய்ந்து ஒட்டியது மாதிரி கரும்பழுப்பில் ஒரு படலம். நகத்தால் சுரண்டினால் செதிலாக வந்தது. துளை வழியே உள்ளே பார்த்தால் தண்டின் விளிம்பிலும் அதே நிறம். பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வைத்த இரண்டு வயரை இழுத்து ஒரு நொடி தொட்டேன். நல்ல வால்வு 'டிக்' என்று முழுசாக நகரும், வயரை எடுத்தவுடன் 'டக்' என்று திரும்பும். என்னுடையது பாதி தூரம் ஊர்ந்து போய் அங்கேயே நின்றது. வயரை எடுத்த பிறகும் திரும்பவில்லை. ஒரு நொடிக்கு மேல் 12 வோல்ட்டை வைத்திருக்காதீர்கள், சுருள் சூடாகி வீணாகும்.

அந்த நேரம் என் சித்தப்பா வந்தார். பொதுப்பணித் துறையில் மதகுகளைக் கவனிக்கும் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். வெண்ணாறு பிரியும் மூணாறு தலைப்பில் ஷட்டர் ஏற்றி இறக்கிய கை. வால்வை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது நம்ம மதகுல ஆகாயத்தாமரை அடைச்ச மாதிரில்ல இருக்கு. தண்ணி வராத காலத்துல யாரும் பாக்கல, அதான்" என்றார். பிறகு அவர் சொன்னதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. "நாங்க மேட்டூர் தொறக்க ஒரு மாசம் முன்னாடியே கம்பிக்கு கிரீஸ் போட்டு, ஒவ்வொரு ஷட்டரையும் முழுசா ஏத்தி எறக்கிப் பாத்துருவோம். ஜூன் 12-க்குத் தொறந்து தண்ணி வந்தப்பறம் பாத்துக்கலாம்னா நடக்காதுப்பா."

அன்று நான் ஒரு தவறு செய்தேன். அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரையால் பயன் இல்லை. புது வால்வு கைக்கு வர நாளாகும் என்று, பழையதைக் கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரேயில் ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, ஊதிச் சுத்தம் செய்தேன். சல்லடை பளிச்சென்று ஆனது. தண்டும் நகர்ந்தது. ஆயில் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ ரிங்கையும் பழையதையே போட்டு மாட்டிவிட்டேன். வண்டி அருமையாக ஓடியது. பன்னிரண்டாவது நாள், மன்னார்குடி கடைவீதியில் சிக்னலில் நிற்கும்போது மறுபடி அதே நடுக்கம். வால்வு உட்கார்ந்த இடத்தைச் சுற்றி ஆயில் கசிந்து, அதன் மேல் வைக்கோல் தூசி பூசி மெழுகியது போல் ஒட்டியிருந்தது.

சுத்தம் செய்வது வீண் வேலை என்று இதற்கு அர்த்தம் இல்லை. கோளாறு வால்வில்தான், ஸ்பிராக்கெட்டில் இல்லை என்று பன்னிரண்டு நாள் நன்றாக ஓடிய வண்டி எனக்கு நிரூபித்துக் காட்டியது. முப்பதாயிரம் ரூபாய் வேலை தேவையில்லை என்பது அதோடு உறுதியானது. ஆனால் தண்டும் அது ஓடும் குழாயும் தலைமுடியைவிட மெல்லிய இடைவெளியில் பொருந்தியவை. உள்ளே ஒருமுறை கீறல் விழுந்துவிட்டால் எந்த ஸ்பிரேயும் அதைச் சரி செய்யாது. சுத்தம் செய்ததைச் சோதனையாக வைத்துக்கொள்ளுங்கள், முடிந்த வேலை என்று நினைக்காதீர்கள்.

புது வால்வு வாங்கும்போது வண்டியின் சேஸிஸ் எண்ணைக் கொடுத்துத்தான் வாங்கினேன். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் வால்வுகள் உள்ளே துளையின் இடத்தில் மாறும். அதனால் பழைய வால்வின் உடலில் இருக்கும் பார்ட் எண்ணின் கடைசி எழுத்து வரை ஒத்துப் பார்த்தேன். மலிவாக எண்ணூறு ரூபாய்க்கும் ஒன்று காட்டினார்கள். அதன் சல்லடை விரல் பட்டால் அசைந்தது. அந்தச் சல்லடை கழன்று உள்ளே போனால் என்ன ஆகும் என்று யோசித்துவிட்டு, 2,700 ரூபாய் கொடுத்து ஒரிஜினலையே வாங்கினேன். ஓ ரிங் தனியாக இன்னொன்றும் வாங்கிக்கொண்டேன். முப்பது ரூபாய்கூட ஆகவில்லை.

மாற்றியது ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, வீட்டு வாசல் புங்க மரத்தடியில். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள் டார்ச் பிடிக்க வந்தாள். தேவைப்பட்டவை கொஞ்சம்தான்: 10 எம்.எம். பாக்ஸ் ஸ்பானர், ராட்செட், ஒரு பெயிண்ட் பிரஷ், பிரேக் கிளீனர் ஸ்பிரே, பனியன் வேஸ்ட், புது ஆயில் கொஞ்சம்.

பேட்டரியின் மைனஸ் டெர்மினலைக் கழற்றிவிட்டு, ஏர் ஃபில்டர் குழாயை விலக்கினால்தான் வால்வு முழுசாகக் கண்ணுக்குத் தெரிந்தது. என் வண்டியில் இது இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டின் பக்கவாட்டில், டைமிங் செயின் இருக்கும் ஓரத்தில் இருக்கிறது. எல்லா வண்டிக்கும் ஒரே இடம் இல்லை. சிலவற்றில் ஹெட்டின் மேல்மூடியான டேப்பட் கவரில் இருக்கும், சிலவற்றில் காற்று உள்ளே வரும் பக்கத்துக்கு ஒன்று, புகை வெளியே போகும் பக்கத்துக்கு ஒன்று என இரண்டு இருக்கும். சிலவற்றில் டேப்பட் கவரையே கழற்ற வேண்டும். கடைசி வகை என்றால் வீட்டில் கை வைக்காமல் மெக்கானிக்கிடம் விடுங்கள்.

போல்ட்டைத் தொடும் முன் சுற்றுப்புறத்தைப் பிரஷ்ஷாலும் ஸ்பிரேயாலும் சுத்தமாகத் துடைக்க வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். நம் பக்கம் அறுவடை மெஷின் ஓடும் மாதத்தில் பானட்டுக்குள் பதரும் தூசியும் படிந்து கிடக்கும். வால்வை இழுத்தவுடன் அந்தத் துளை நேராக இன்ஜினின் ஆயில் வழிக்குத்தான் போகிறது. ஒரு துரும்பு விழுந்தால், போடப்போகும் புது வால்வின் சல்லடையில்தான் அது போய் உட்காரும்.

கப்ளரின் பூட்டை அழுத்தி இழுக்க வேண்டும், வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. வருடக்கணக்கில் சூட்டில் இருந்த பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி நொறுங்கும். 10 எம்.எம். போல்ட் ஒன்றுதான். அது வந்த பிறகு வால்வைக் கையால் இடமும் வலமும் திருகித் திருகி மெதுவாக மேலே இழுத்தேன். வராவிட்டால் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்து நெம்பத் தோன்றும், நெம்பாதீர்கள். ஹெட் அலுமினியம். அதில் ஒரு கோடு விழுந்தால் எந்த ஓ ரிங் போட்டாலும் ஆயில் கசியும். நான் கொஞ்சம் ஸ்பிரே அடித்து ஐந்து நிமிடம் விட்டேன். அதன் பிறகு வந்துவிட்டது. பின்னாலேயே இரண்டு மூன்று சொட்டு ஆயில் வழிந்தது, வேஸ்ட்டால் துடைத்தேன்.

புது வால்வை எடுத்து ஓ ரிங்கில் புது ஆயிலைத் தடவி, உள்ளே வைக்கப் போனேன். மகள் கையைப் பிடித்தாள். "அப்பா, புதுசுல கறுப்பு ரிங் இருக்கு. பழசுல காணுமே?"

பழைய வால்வைத் திருப்பிப் பார்த்தேன். பள்ளம் காலியாக இருந்தது. டார்ச்சைத் துளைக்குள் அடித்துப் பார்த்தால், போன தடவை நான் திரும்பப் போட்ட அந்த ரிங், தட்டையாகி, பிளாஸ்டிக் மாதிரி இறுகி, துளையின் சுவரோடு ஒட்டிக்கொண்டு ஹெட்டின் நிறத்திலேயே இருந்தது. அதன் மேல் புது வால்வை அழுத்தியிருந்தால் இரண்டு ரிங்கும் ஒன்றை ஒன்று நசுக்கி, அழுத்தத்தில் ஆயில் பீய்ச்சியிருக்கும். மூங்கில் பல்குச்சியின் நுனியால் சுற்றி நெம்பி எடுத்தேன். இரும்புக் கம்பி வேண்டாம் என்பதற்காகத்தான் குச்சி. வெளியே வந்த ரிங்கை மகள் இரண்டு விரலால் வளைத்தாள், 'பட்'டென்று முறிந்தது. வால்வை மாற்றுகிற எல்லோருக்கும் நான் சொல்வது: பழைய வால்வோடு பழைய ரிங்கும் வெளியே வந்துவிட்டதா என்று எண்ணிப் பாருங்கள்.

அதன் பிறகு ஐந்து நிமிட வேலைதான். வால்வைக் கையாலேயே அழுத்தி முழுசாக உட்கார வைத்து, போல்ட்டை விரலால் முதல் நான்கைந்து மரை வரை திருகி, கடைசியில் ஸ்பானர். வால்வு முழுசாக உட்காராமல் போல்ட்டால் இழுத்து உட்கார வைக்கப் பார்த்தால் வால்வின் காது வளையும். இந்த மாதிரி சின்ன போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டருக்கு அக்கம்பக்கம் முறுக்கினால் போதும். அதாவது ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் ஒரு கிலோவைத் தொங்கவிட்டால் வரும் முறுக்கு விசை. டார்க் ரென்ச் இல்லாதவர்கள் ராட்செட்டைத் தலைக்குப் பக்கத்தில் பிடித்து மணிக்கட்டால் மட்டும் இறுக்குங்கள். டிராக்டர் சக்கரத்து நட்டை இறுக்குகிற பழக்கத்தில் இறுக்கினால் அலுமினிய மரை அழிந்துவிடும். அதைச் சரி செய்ய ஆகும் செலவு, வால்வின் விலையைவிட அதிகம்.

அதே நாளில் ஆயிலும் ஆயில் ஃபில்டரும் மாற்றினேன். இதைச் செய்யாமல் வால்வை மட்டும் மாற்றுவது, சேற்றுத் தண்ணீர் வரும் வாய்க்காலில் புது மதகு வைப்பது போலத்தான். மேனுவலில் சொன்ன 5டபிள்யூ-30 ஆயில், மூன்று லிட்டருக்குக் கொஞ்சம் மேல் பிடித்தது. இந்த வால்வுக்கு ஆயிலின் பிசுபிசுப்பு அளவு முக்கியம். டிராக்டருக்கு வாங்கியதில் மீந்த ஆயில் இருக்கிறதே என்று ஊற்றிவிடாதீர்கள். கெட்டியான ஆயில் அந்த நுண்ணிய வழிகளில் தாமதமாகத்தான் போகும், அதே கோடு மறுபடி வரும். உள்ளே இருக்கும் கசடைக் கழுவும் இன்ஜின் ஃபிளஷ் திரவத்தைப் போடச் சொல்லிச் சிலர் வற்புறுத்தினார்கள். நான் போடவில்லை. வருடக்கணக்கில் படிந்த கசடு மொத்தமாகப் பெயர்ந்து வந்து சல்லடைகளை அடைத்துவிடுமோ என்ற பயம். அதற்குப் பதிலாக, 1,500 கிலோமீட்டர் ஓட்டியதும் இன்னொரு முறை ஆயிலும் ஃபில்டரும் மாற்றினேன். இரண்டாவது முறை வடித்த ஆயிலும் கறுப்பாகத்தான் வந்தது. புது ஆயில் தன் வேலையைச் செய்து கசடைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டு வந்திருக்கிறது.

வடித்த ஆயிலைப் பழைய கேனில் பிடித்து மூடி, பழைய ஆயில் எடுத்துக்கொள்ளும் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிட்டேன். வாசலுக்கு எதிரே வாய்க்கால் ஓடுகிறதே என்று அதில் கொட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தத் தண்ணீர் அடுத்த வயலில் நாற்றங்காலுக்குத்தான் போகிறது. மாடும் அதைத்தான் குடிக்கிறது.

பேட்டரியை மாட்டி, ஃபோனோடு இணையும் ஒரு சின்ன ஸ்கேனரால் கோடுகளை அழித்து, ஸ்டார்ட் செய்தேன். பத்து நிமிடம் ஓடவிட்டு வால்வைச் சுற்றி வெள்ளைக் காகிதத்தை ஒற்றிப் பார்த்தேன், ஈரமில்லை. மன்னார்குடி வரை போய்வந்து மறுபடி ஒற்றிப் பார்த்தேன். அப்போதும் இல்லை. இந்த ஸ்கேனர் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது, பழைய கார் வைத்திருப்பவர்கள் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. ஆனால் கோட்டை அழிப்பதற்காக மட்டும் அதைப் பயன்படுத்துவது, காய்ச்சல் இருக்கும்போது தெர்மாமீட்டரை உதறி வைத்துவிடுவது போன்றது.

வால்வு ஏன் கெட்டது என்பதுதான் என்னை ரொம்ப நாள் யோசிக்க வைத்தது. கதவின் ஓரத்தில் ஒட்டிய ஸ்டிக்கரில் அடுத்த ஆயில் மாற்ற வேண்டிய கிலோமீட்டர் எழுதியிருந்தது. அதற்கு இன்னும் நாலாயிரம் பாக்கி. அந்த எண்ணை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். முந்தைய ஆயில் மாற்றிய தேதியைப் பில்லில் தேடிப் பார்த்தபோது இரண்டு வருடம் மூன்று மாதம் ஆகியிருந்தது. மேனுவலில் 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது என்று தெளிவாக இருக்கிறது. 'எது முதலில்' என்பதை நான் படிக்கவே இல்லை.

என் ஓட்டமும் அப்படிப்பட்டது. வீட்டிலிருந்து சங்கத்துக்கு நாலு கிலோமீட்டர், வயலுக்கு ஒன்றரை, மன்னார்குடிக்கு ஏழு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. பெரும்பாலானது சைலன்ஸர் வழியே போய்விடும். கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஆயிலுக்குள் இறங்கும். வண்டி அரை மணி நேரம் ஓடிச் சூடானால் அந்த ஈரம் ஆவியாகிவிடும். டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வந்துவிட்டாலும் ஆயில் சூடாக இன்னும் நேரம் எடுக்கும். நாலு கிலோமீட்டரில் அணைத்து அணைத்து எடுத்தால் ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆயிலிலேயே தங்கிக் கசடாகிறது. குறைவாக ஓடுகிற வண்டி நன்றாக இருக்கும் என்று நான் நம்பியிருந்தேன். எங்கள் ஊரில் பல பேர் அப்படித்தான் நம்புகிறார்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மாதக்கணக்கில் நிறுத்தி வைத்து, வயலுக்கும் கடைத்தெருவுக்கும் மட்டும் எடுக்கிற கார்கள் டெல்டா முழுக்க இருக்கின்றன. அந்தக் கார்களுக்குக் கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள். காலண்டரைப் பாருங்கள். நான் இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றுகிறேன், சித்திரையிலும் ஐப்பசியிலும். வாரத்தில் ஒரு நாள் நீடாமங்கலமோ வடுவூரோ ஒரு சுற்று போய்வருகிறேன்.

இதே அறிகுறி உங்கள் வண்டியில் தெரிந்தால் இரண்டு விஷயத்தில் மட்டும் தாமதிக்காதீர்கள். சிவப்பு நிற ஆயில் விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே இன்ஜினை அணைத்துவிடுங்கள். மஞ்சள் விளக்கு போல அதை வைத்துக்கொண்டு வீடு வரை ஓட்டக் கூடாது. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் இன்ஜின் ஓரத்தில் கரகரவென்று சங்கிலி இழுபடும் சத்தம் சில நொடி கேட்டால், அங்கே செயினையும் ஸ்பிராக்கெட்டையும் சந்தேகிக்கத்தான் வேண்டும். வால்வு மாற்றியும் அந்தச் சத்தம் போகாது. என் வண்டியில் அந்தச் சத்தம் இல்லை என்பதால்தான் நான் துணிந்தேன்.

ஆடி மாதம் அம்மாவுக்கு மறுபரிசோதனை. வெண்ணாற்றில் தண்ணீர் கரைதொட்டு ஓடிக்கொண்டிருந்தது. நீடாமங்கலத்தில் வழக்கம் போலக் கேட் மூடியிருந்தது. ஏ.சி. ஓடியது, முள் 700-ல் நின்றது. சரக்கு ரயில் ஒருமுறை போனது, திரும்பி வந்தது, மறுபடி போனது. இருபத்தைந்து நிமிடம் கழித்துக் கேட் திறந்தபோது அம்மா கண்ணாடிப் பக்கம் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.